மூடிய மேசைக்குப் புள்ளி போட்ட கதை

இந்த வள மடலில் வழக்கமாகப் பயிற்றிகளும் மாதிரித் தாள்களும் வரும். பதிவிறக்கம் செய்வோம், அச்சடிப்போம், மறுநாள் வகுப்புக்குப் போவோம். இந்த முறை நான் அனுப்புவது பயிற்றி இல்லை, ஒரு விமர்சனம். யாரை விமர்சிக்கிறாய் என்று கேட்டால், முதலில் என்னைத்தான். அடுத்து, நம் பிள்ளைகளின் திரட்டேடுகளில் அலுக்காமல் வந்து உட்காரும் ஒரு சொல்லை. அந்தச் சொல் "உறுதியானது".

போன ஆண்டு ஆர்.பி.டி. பாடத்துக்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். சின்ன வீட்டுக்கு ஒரு நீட்டு மேசை. அன்றாடம் நான்கு பேர் சாப்பிடலாம், விருந்தாளி வந்தால் இழுத்துவிட்டு ஆறேழு பேர் உட்காரலாம். சுங்கை சிப்புட்டில் நம் பிள்ளைகள் பலர் அடுக்குமாடியிலும் மலிவு விலை வீட்டிலும் இருக்கிறார்கள். கூடத்தில் மேசை போட்டால் நடக்க வழி இருக்காது. அதனால் தலைப்பு அவர்களுக்குப் புரிந்த தலைப்புதான். அட்டை, ஐஸ்கிரீம் குச்சி, பழைய இழுப்பறை, சிலர் அப்பாவின் உதவியோடு மெல்லிய பலகை என்று ஒன்பது குழுக்களும் மாதிரி செய்து கொண்டுவந்தார்கள். ஒன்பது திரட்டேடுகள் வந்தன. ஒன்பதிலும் மதிப்பீட்டுப் பக்கத்தில், "எங்கள் மேசை அழகானது, உறுதியானது, பயனானது" என்று இருந்தது.

நான் என்ன செய்தேன்? வண்ணம் பார்த்தேன், கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன், படைப்பைக் கேட்டேன், கைத்தட்டச் சொன்னேன், ஏழு குழுக்களுக்கு அடைவுநிலை 5 போட்டேன். மாதிரிகள் எல்லாம் மூடிய நிலையில் என் மேசைமேல் வரிசையாக நின்றன. ஒன்றையாவது இழுத்து நீட்டி, அதன் நுனியில் விரல் வைத்து அழுத்திப் பார்க்கவில்லை. நீட்டு மேசைக்குப் புள்ளி போடுபவன் நீட்டியே பார்க்காமல் போட்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியவந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, வீட்டில்.

தீபாவளிக்கு முன்பு ஒரு நீட்டு மேசை வாங்கியிருந்தோம். கடைக்காரர் மேசை நடுவில் கையை ஊன்றி, உடம்பு எடையையெல்லாம் போட்டுக் காட்டினார். "முழுக்க கித்தா மரம் சார், யானை ஏறினாலும் ஒன்னும் ஆகாது." நானும் தட்டிப் பார்த்தேன். நம் ஆள்கள் எல்லாரும் இப்படித்தான் தட்டிப் பார்ப்போம். தட்டினால் என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. தீபாவளியன்று மதியம் ஒரு பக்கப் பலகையை இழுத்துவிட்டு, அதன்மேல் பிரியாணிச் சட்டியை வைத்தோம். மாமா எழுந்திருக்கும்போது அந்தப் பலகையின் மூலையில் கையை ஊன்றினார். டக்கென்று ஒரு சத்தம். பலகை ஒரு பக்கமாகத் தொங்கியது. சட்டி சரிந்து தரைக்கு வந்தது. அக்கா மகன், நான்கு வயது, அந்த நாற்காலியிலிருந்து தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குப் போய் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கொதிக்கக் கொதிக்க இருந்த சட்டி. இதற்குமேல் அதைப்பற்றி எழுத வேண்டாம்.

எல்லாரும் மாமாவின் தொப்பையைக் குறை சொன்னார்கள். நான் கடைக்காரரைக் குறை சொன்னேன். அம்மா மட்டும் தரையில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். என் அம்மா இந்த வட்டாரத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். மரத்தைத் தொட்டால் தெரியும். சொன்னார்: "காலு கித்தா மரம்தான். இழுக்கிற பலகை மரமே இல்லடா, தூள ஒட்டி வெச்சிருக்கான். முதல் நாளே நீட்டினப்ப ஆடுச்சு. ரெண்டு நாளா தொய்ஞ்சுக்கிட்டு வந்துச்சு. இப்ப பிச்சுக்கிச்சு. நீ ஒழுங்கா பாக்கல."

ஆடுச்சு, தொய்ஞ்சுச்சு, பிச்சுக்கிச்சு. மூன்று வினைச்சொற்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். என் ஒன்பது திரட்டேடுகளிலும் இருந்த "உறுதியானது" இந்த மூன்றையும், இன்னொன்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு ஒன்றுமே சொல்லாமல் நிற்கும் சொல் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இந்த நான்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஆடுவது என்றால் பக்கவாட்டில் தள்ளும்போது இணைப்புகள் இளகிக் கொடுப்பது. தொய்வது என்றால் எடை வைக்கும்போது பலகையோ ஸ்லைடரோ வளைவது; அது விறைப்புக் குறைவு. முறிவதும் பிய்வதும் வலிமைக் குறைவு. நான்காவது கவிழ்வது, அங்கே எந்தப் பாகமும் கெடாது, மேசை முழுசாகச் சாய்ந்துவிடும். அது நிலைத்தன்மை. ஒரு மேசை நன்றாகத் தொய்ந்தும் முறியாமல் இருக்கலாம். கல் மாதிரி விறைப்பாக இருந்தும் நுனியில் ஒரு பிள்ளை ஏறினால் கவிழலாம். ஆக "உறுதி" என்று ஒரே வார்த்தையில் பாஸ் போட முடியாது.

உலகத்தில் மேசையைச் சோதிப்பவர்களும் ஒரே சொல்லில் முடிப்பதில்லை. ஐரோப்பாவில் வீட்டு மேசைக்கான தரநிலை ஈஎன் 12521. அதன் தலைப்பிலேயே வலிமை, நீடித்துழைப்பு, பாதுகாப்பு என்று மூன்று இருக்கிறது. எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் ஈஎன் 1730 தலைப்பில் நிலைத்தன்மை, வலிமை, நீடித்துழைப்பு என்று பிரிக்கிறார்கள். அந்தச் சோதனைகளின் அடிப்படை எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது: மேசை எந்த நிலையில் தோற்க அதிக வாய்ப்போ, அந்த நிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். நீட்டு மேசை என்றால் நீட்டிவிட்டு, நுனியில், மூலையில். கடைக்காரர் செய்தது நேர் எதிர். மேசை தோற்கவே முடியாத இடத்தைத் தேடிப் பிடித்துக் கையை ஊன்றினார். நானும் வகுப்பில் அதையேதான் செய்தேன், கையைக்கூட ஊன்றாமல்.

நீட்டினால் மேசைக்குள் என்ன நடக்கிறது? மூடிய மேசைக்கு மேல்பலகையின் கீழே நான்கு பக்கமும் ஒரு சட்டம் ஓடும். அது கால்களைப் பிடித்துப் பெட்டி மாதிரி இறுக்கிவைக்கும். மூடிய மேசையின் பலம் பெரும்பாலும் அந்தப் பெட்டியில்தான். நடுவில் பிளந்து நீட்டும் வகை மேசையில், இழுத்தவுடன் அந்தப் பெட்டி இரண்டாக உடைகிறது. நடுவில் செருகும் பலகையைத் தாங்குவது ஸ்லைடர் மட்டும். கால்களுக்கு இடையில் தூரமும் கூடுகிறது. 120 சென்டிமீட்டர் இடைவெளி 180 ஆனால் ஒன்றரை மடங்குதானே என்று நினைப்போம். ஆனால் நடுவில் வைக்கும் அதே எடைக்குத் தொய்வு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். 1.5 ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 3.375. தாங்கும் பாகம் அதே பாகமாக இருந்தாலே தொய்வு மூன்று மடங்குக்கு மேல். உண்மையில் சட்டத்தைவிட ஸ்லைடர் மெலிந்தது. அதனால் இன்னும் கூடும். தடிப்பும் அப்படித்தான், எதிர்ப்பக்கமாக. 25 மில்லிமீட்டர் பலகைக்குப் பதிலாக அதே பொருளில் 18 மில்லிமீட்டர் போட்டால் தொய்வு ஏறக்குறைய 2.7 மடங்கு. பார்வைக்கு ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான்.

என் வீட்டு மேசை இந்த வகை இல்லை. கால்கள் அப்படியே நிற்க, பக்கவாட்டிலிருந்து பலகை வெளியே வரும் வகை. அங்கே கணக்கு வேறு. அது நெம்புகோல் கணக்கு. ஆரம்பப்பள்ளி அறிவியலிலேயே நாம் நடத்துவது. பலகை வெளியே 40 சென்டிமீட்டர் நீட்டியிருக்கிறது, ஸ்லைடர் உள்ளே 10 சென்டிமீட்டர்தான் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். நுனியில் 20 கிலோ வைத்தால் ஸ்லைடரின் வாய்ப்பக்கத்தில் எவ்வளவு இழுப்பு விழும்? உள்முனையைச் சுழல்புள்ளியாக வைத்துப் பாருங்கள். 20 ஐ 50 ஆல் பெருக்கி 10 ஆல் வகுத்தால் 100. அதாவது 20 கிலோவுக்கு 100 கிலோ இழுப்பு. (கிலோவில் சொல்கிறேன், அறிவியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும், வகுப்பில் நியூட்டனில் சொல்லிக்கொள்ளுங்கள்.) இரண்டு பக்க ஸ்லைடரும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 50. மாமா மாதிரி ஒரு மூலையில் ஊன்றினால் ஒரே ஸ்லைடர் பெரும்பங்கைச் சுமக்க வேண்டும். அதே ஸ்லைடர் உள்ளே 20 சென்டிமீட்டர் மாட்டியிருந்தால் இழுப்பு 60க்கு இறங்கிவிடும். பத்து சென்டிமீட்டர் கூடுதல் இரும்பு, அவ்வளவே செலவு.

அந்த இழுப்பைத் தாங்க என் மேசையில் என்ன இருந்தது என்று பிறகு கழற்றிப் பார்த்தேன். சிப்போர்டில் முறுக்கிய, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளமான ஸ்குருக்கள். சிப்போர்டு கெட்ட பொருள் இல்லை. அலமாரிக்கு, தட்டுக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் ஸ்குருவைப் பிடித்துக்கொள்ளும் விஷயத்தில் அது முழுமரத்துக்கு ஈடாகாது. அதிலும் ஒருமுறை பிய்ந்த ஓட்டையில் மறுபடி முறுக்கினால் சோற்றில் ஆணி அடித்த மாதிரிதான். நான் முதல் நாள் ஆடுவதைப் பார்த்து இறுக்கினேன், மறுநாள் இறுக்கினேன். நான் இறுக்கியதாக நினைத்ததெல்லாம் ஓட்டையைப் பெரிதாக்கியதுதான்.

கவிழ்வதற்கும் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பிள்ளைகளின் எடை வருகிறது. 30 கிலோ மேசை, கால்களுக்கு இடையே 100 சென்டிமீட்டர். மேசையின் எடை நடுவில், அதாவது கால் வரிசையிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருக்கிறது. பலகை நுனி கால் வரிசைக்கு வெளியே 45 சென்டிமீட்டரில். 30 ஐ 50 ஆல் பெருக்கினால் 1500. 45 ஆல் வகுத்தால் 33 சொச்சம். பலகையே வெளியே வந்துவிட்டதால் மேசையின் ஈர்ப்பு மையமும் அந்தப் பக்கம் நகரும். அதனால் உண்மையில் இன்னும் குறைவான எடையிலேயே மேசை கவிழத் தொடங்கும். 33 கிலோ என்பது என் வகுப்பில் ஒரு சாதாரணப் பிள்ளையின் எடை. நுனியில் ஏறி உட்கார்ந்து காலாட்டுவது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இங்கே கித்தா மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் மேசை மரம் இல்லையே. பக்கத்தில் கோலகங்சாரில் 1877இல் நட்ட கித்தா மரங்களில் ஒன்று இன்னமும் நிற்கிறது. மாவட்ட அலுவலகம் பக்கம் போனால் பார்க்கலாம். முந்தைய ஆண்டு பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் வழி வந்தது. அந்த மரத்தின் பின்னால்தான் நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். ஏறக்குறைய 25, 30 வருடத்தில் பால் வற்றியதும் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகுதான். ஷீட் புகையடிக்கும் கொட்டகையில் அடுப்புக்குப் போகும். அறையிலும் மழையிலும் போட்டுவைத்தால் நீலம் பூத்து, வண்டு துளைத்து வீணாகிவிடும், மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால். வெட்டிய கையோடு போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தினால் நல்ல மரமாகிவிடும் என்ற பக்குவம் கைவந்த பிறகு, 1980களிலிருந்து அது மலேசிய மேசை நாற்காலித் தொழிலின் முக்கிய மரமாகிவிட்டது. கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக் கழகத்துக்கு, ஃப்ரிம் என்று சொல்வோமே, இதில் பெரிய பங்குண்டு. ஜொகூரின் மூவாரில் அந்தத் தொழில் செழித்தது. இன்று இங்கிருந்து போகும் சாப்பாட்டு மேசைகளில் நீட்டு மேசைகளும் நிறைய.

ஆக "கித்தா மரம்" என்று சொன்னால் அது பொய்ப் புகழ்ச்சி இல்லை. மட்டமான மரம் என்று நம்மவர்களில் சிலர் முகம் சுளிப்பது சரியில்லை. நட்ட மரம், வயதாகி வெட்டிய மரம். காட்டை அழித்து எடுத்ததில்லை. துண்டு துண்டாக இருக்கும், அதை விரல் கோத்த மாதிரி இணைத்து ஒட்டி அகலப் பலகை ஆக்குவார்கள். அந்த ஒட்டு ஒழுங்காக இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு என்னவென்றால், காலைக் காட்டி மேசை முழுவதையும் விற்பது. எந்தப் பாகம் எந்த மரம், எந்த இணைப்பு எவ்வளவு தாங்கும் என்று கேட்காமல் நாம் வாங்குவது. மாணவனும் அதையே எழுதுகிறான்: "எங்கள் மேசை பலகையால் செய்யப்பட்டதால் உறுதியானது." பொருளின் பெயரைச் சொன்னால் சோதனை முடிந்துவிட்டது என்று அவனுக்கு நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

நீட்டு மேசை இன்று நேற்று வந்ததும் இல்லை. 1835இல் லண்டனில் ராபர்ட் ஜூப் என்பவர் வட்ட மேசை ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். மேல்பலகையைச் சுழற்றினால் துண்டுகள் வெளிப்பக்கம் விரியும், இடைவெளிகளில் கூடுதல் பலகைகளைச் செருகலாம். பெரிதானாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். பிள்ளைகளுக்குப் படம் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் படத்தைக் காட்டிவிட்டு, "இதில் எடை எங்கே போகிறது?" என்று கேட்காவிட்டால் அது வேடிக்கைதான், பாடமில்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒன்பது மாதிரிகளையும் மறுபடி எடுத்து நீட்டிப் பார்த்தேன். ஐந்து, நீட்டிய நிலையில் ஒரு போத்தல் தண்ணீரைத் தாங்கவில்லை. அதில் நான்கு நான் அடைவுநிலை 5 போட்டவை. எனக்குக் கூசியது. பிறகு திரட்டேடுகளைக் கவனமாகப் படித்தேன், இந்த முறை உண்மையாகவே படித்தேன். அப்போதுதான் ஒரு குழுவின் மதிப்பீட்டுப் பக்கம் கண்ணில் பட்டது. மூன்று பெண்பிள்ளைகள். "எங்கள் மேசை உறுதியானது" என்று மையால் அழகாக எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே பென்சிலில் எழுதி அழித்த தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் படிக்க முடிந்தது: "நீட்டுனா ஒரு பக்கம் தொய்யுது. ரெண்டு பக்கமும் நீட்டுனா கவுறல, ஒரு பக்கம் மட்டும் நீட்டுனா கவுறுது."

நண்பர்களே, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தொய்வையும் கவிழ்தலையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நீட்டினால் எடை சமமாகிறது என்ற கண்டுபிடிப்பு அந்த வரியில் இருக்கிறது. அதையெல்லாம் அழித்துவிட்டு "உறுதியானது" என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் அழித்தீங்க என்று கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "அது பேச்சுத்தமிழ் சார். நீங்க வட்டம் போடுவீங்க." இன்னொருத்தி மெதுவாகச் சொன்னாள்: "குறைய எழுதுனா புள்ளி கொறஞ்சிரும்ல."

இரண்டு பதிலும் எனக்கானவை. முதல் பதிலில் மொழியாசிரியனாக என் சிவப்பு மை. "தொய்யுது" என்பதற்கு வட்டம் போட்டு "தொய்கிறது" என்று எழுதியிருந்தால் போதும். ஒரு எழுத்தும் வீணாகாது, கவனிப்பும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் நாம் வட்டம் மட்டும் போடுகிறோம். பிள்ளை வினைச்சொல்லையே தூக்கிப் போட்டுவிட்டு, பாடநூலில் பார்த்த ஒரு பெயரடையைக் கொண்டுவந்து வைக்கிறது. பேச்சில் நம் பிள்ளைகளுக்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன பாருங்கள்: ஆடுது, அசையுது, தொய்யுது, வளையுது, நெளியுது, கவுறுது, சாயுது, கழலுது, பிச்சுக்குது, வெடிக்குது, முறியுது, இளகுது. ஒவ்வொன்றும் ஒரு கோளாறின் பெயர். பட்டறையில் வேலை செய்யும் ஓர் ஆள் இதைக் கேட்டாலே எந்த ஸ்குருவைப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடுவார். "உறுதியானது", "சிறப்பானது", "தரமானது" என்பதைக் கேட்டு அவர் எதைப் பார்ப்பார்?

இரண்டாவது பதில் இன்னும் கடுமையானது. குறையைக் கண்டுபிடித்தவனுக்குப் புள்ளி குறையும் என்று பிள்ளை நம்புகிறது. அது பொய் நம்பிக்கையும் இல்லை. நான் தயாரித்த மதிப்பீட்டுப் படிவத்தில் "பொருளின் உறுதி" என்று ஒரு கட்டம் இருந்தது, அதற்கு 5 புள்ளி. சோதித்தாயா, எப்படிச் சோதித்தாய், என்ன தவறியது, எப்படி மாற்றினாய் என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. பொருளுக்குப் புள்ளி கொடுத்தால் பிள்ளை பொருளை விற்கத்தான் பார்க்கும், கடைக்காரர் மாதிரி. இந்தப் படிவத்தை நம் குழுவில் பகிர்ந்து, பத்துப் பதினைந்து பேர் "நன்றி சார், பயனாக இருந்தது" என்று எழுதியதும் நினைவில் இருக்கிறது. அவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சிலர் சொல்லக்கூடும்: "சார், இவங்க சின்னப் பிள்ளைங்க. பொறியியலாளர் ஆக்கப் போறோமா? ஆர்வத்த வளர்த்தா போதும்." இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அட்டை மேசை தண்ணீர்ப் போத்தலைத் தாங்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் முகம் வாட நானும் விரும்பவில்லை. ஆனால் ஆர்வம் எங்கே இருந்தது? அந்தப் பென்சில் வரியில் இருந்தது. மை வரியில் இல்லை. போத்தலை வைத்து மேசை விழும்போது வகுப்பே கத்திச் சிரித்து, "இன்னொரு தடவ சார்" என்று கேட்டதை நான் பார்த்துவிட்டேன். வண்ணம் தீட்டும்போது அந்தச் சத்தம் வந்ததே இல்லை.

மறுபடி செய்தபோது எப்படிச் செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன், விரும்பினால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எடைக்குத் தண்ணீர்தான். 100 மில்லிலிட்டர் தண்ணீர் 100 கிராம். கோப்பையில் ஊற்ற ஊற்ற எடை கூடும், செலவில்லை, விழுந்தாலும் யாருக்கும் காயமில்லை. மேசையின் இரு முனைக்கும் ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நூலுக்கும் பலகைக்கும் இடையில் அளவுகோல் வைத்தால் தொய்வு மில்லிமீட்டரில் கிடைக்கும். முதலில் மூடிய நிலையில் அளந்தார்கள், பிறகு நீட்டிய நிலையில். எடையை எடுத்த பிறகு பலகை பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். திரும்பவில்லை என்றால் உள்ளே ஏதோ இளகிவிட்டது, இன்று விழாவிட்டாலும் நாளை விழும். என் வீட்டு மேசை இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அதற்குப் பிறகு ஐம்பது முறை நீட்டி மூடிவிட்டு, அதே எடையை வைத்து மறுபடி அளந்தார்கள். முதல் அளவுக்கும் ஐம்பதாவது அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீடித்துழைப்பு. ஒரு குழுவுக்கு 4 மில்லிமீட்டர் தொய்வு 9 ஆனது. "ஏன்?" என்று நான் கேட்பதற்கு முன்பே மேசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டார்கள், ஒட்டிய பசை விட்டிருந்தது.

வீட்டில் உண்மையான மேசையைச் சோதிக்கிறவர்கள் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பலகைக்கு அடியில் சற்றே தாழ்வாகப் பெட்டியோ முக்காலியோ வைத்துக்கொள்ளுங்கள், விழுந்தாலும் அதன்மேல் விழட்டும். அரிசிப் பையைத்தான் வைக்க வேண்டும், ஆளை ஏற்றக்கூடாது. நீட்டிய பலகையின் மூலையில் ஐந்து கிலோவில் தொடங்கி ஒவ்வொன்றாக வையுங்கள். நீளப் பக்கத்தைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பாருங்கள். பிறகு படுத்துக்கொண்டு அடியில் டார்ச் அடித்து, ஸ்லைடர் உள்ளே எவ்வளவு மாட்டியிருக்கிறது, ஸ்குரு எதில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கடையிலேயே படுத்துப் பார்க்கலாம். தௌக்கே ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

படிவத்தை மாற்றியிருக்கிறேன். "பொருளின் உறுதி" கட்டம் போய்விட்டது. அந்த 5 புள்ளி இப்போது சோதனைக் குறிப்புக்கு. தோற்ற மேசைக்கும் முழுப் புள்ளி கிடைக்கும், எங்கே எப்படித் தோற்றது என்று எழுதியிருந்தால். குறிப்புப் பகுதியில் பேச்சுச் சொல் வந்தால் வட்டம் போடுவதில்லை. பக்கத்தில் எழுத்துவடிவத்தை எழுதிவைக்கிறேன், அறிக்கையாகத் திருத்தி எழுதும்போது அவர்களே மாற்றிக்கொள்கிறார்கள். "கவுறுது" என்பதற்கு ஒரு பையன் "கவிழ்கிறது" என்று எழுதினான், இன்னொருவன் "குப்புற விழுகிறது" என்று எழுதினான். இரண்டும் ஒன்றில்லை என்று இருவரும் சண்டை போட்டார்கள். பத்து நிமிடம் விட்டுவிட்டேன்.

அந்த மூன்று பெண்பிள்ளைகளின் திரட்டேட்டைத் திருப்பிக் கொடுத்து, அழித்ததை மறுபடி எழுதச் சொன்னேன். எழுதினார்கள். கூடவே, ஒரு பக்கம் மட்டும் நீட்டும்போது மறுபக்கக் காலில் என்ன நடக்கிறது என்று ஒரு காகிதத்தைக் காலுக்கு அடியில் செருகி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். கோப்பையில் 300 மில்லிலிட்டர் வரும்போது காகிதம் தடையில்லாமல் வெளியே வந்துவிட்டதாம். மேசை இன்னும் விழவில்லை, ஆனால் கால் ஏற்கெனவே சும்மாதான் நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். இந்த யோசனை எனக்கு வரவில்லை.

வீட்டு மேசையின் பக்கப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டேன். அம்மா சொல்லி, தெரிந்த தச்சர் ஒருவர் கித்தா மரப் பலகையிலேயே புதிதாகச் செய்து தருகிறார், ஸ்லைடர் உள்ளே 22 சென்டிமீட்டர். பொங்கலுக்குள் வந்துவிடும் என்றார். வந்ததும் அரிசிப் பையோடு உட்கார வேண்டும்.